இல்லாத வேண்டுதல்

சாந்தம்மா கறி தின்பதை நிறுத்தியது யுகாதிக்கு மறுநாள். ஓசூர்ப் பக்கத்தில் யுகாதியன்று போளி, மறுநாள் கறி. கன்னடக்காரர்கள் அதை ஒசதொடக்கு என்பார்கள். உத்தனப்பள்ளியில் கறி நாள் என்றாலே போதும். விடிவதற்கு முன்பே பாய் கடையில் வரிசை நிற்கும். அவள் கணவன் சென்னப்பன் அந்த வரிசையில் நின்று நெஞ்செலும்பும் ஈரலும் வாங்கி வந்தான். சாந்தம்மா கழுவினாள், மசாலா அரைத்தாள், குழம்பு வைத்தாள். கணவனுக்கும் மகள் ஜோதிமணிக்கும் பக்கத்து வீட்டு நாத்தனார் செல்லிக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகத் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு துண்டைத் தின்றாள். இரண்டாவதைக் கையில் எடுத்தவள் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டாள்.

போதும் என்று இருந்தது. பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளிடம் இருந்த பதில் இது ஒன்றுதான்.

அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணமான நாளிலிருந்து தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போனவள். தோட்டங்கள் மனையாகவும் கம்பெனியாகவும் ஆன பிறகு, காருக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். நீலச் சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கோட்டு. வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சென்னப்பன் கிரானைட் பாலீஷ் பட்டறையில் வேலை பார்த்தான். எவ்வளவு குளித்தாலும் அவன் காதோரம் வெள்ளைத் தூள் இருக்கும்.

முதல் ஞாயிறு யாரும் கவனிக்கவில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த ஞாயிறு சட்டியில் மிச்சம் இருந்ததைச் சென்னப்பன் பார்த்தான்.

"என்னா, அப்படியே இருக்குது?"

"எனக்கு வேணாம்."

"ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்குது."

"பின்ன என்னா?"

"போதும்னு இருக்குது."

"எது?"

"கறி."

சென்னப்பன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதால் நிறுத்திக்கொண்டான்.

கறியை விடுவது அந்தத் தெருவில் இல்லாத விஷயம் அல்ல. சபரிமலைக்கு மாலை போட்டவன் விடுவான். அம்மை போட்ட வீட்டில் விடுவார்கள். மஞ்சள் காமாலை வந்தவன் கீழாநெல்லி குடித்துக்கொண்டு விடுவான். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு நாள் இருந்தது. அந்த நாளில் கோழி அடிப்பார்கள். முடிவு நாள் இல்லாமல் விட்டவர்கள் வேறு தெருக்காரர்கள். அவர்கள் தெருவுக்குள் சென்னப்பனின் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்.

அதனால் காரணம் தேடினார்கள். டிஸ்பென்சரியில் டாக்டரம்மா ரத்தம் கம்மி என்றாள், முட்டையாவது சாப்பிடச் சொன்னாள். கொடுத்த மாத்திரையைச் சாந்தம்மா சாப்பிட்டாள், முட்டையைச் சாப்பிடவில்லை. செல்லி அதைச் செய்வினை என்றாள். செல்லி சென்னப்பனின் அக்கா, புருஷன் இல்லாதவள், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள். சாந்தம்மாவை ராயக்கோட்டையில் மந்திரிக்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கறுப்புக் கோழி ஒன்றைக் கேட்டு வாங்கி, சாந்தம்மாவின் தலையைச் சுற்றி, கோழியைத் தன் பக்கத்தில் கட்டி வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் செல்லி கேட்டாள். "இப்ப எப்படி இருக்குது?"

"எனக்கு அப்படியேதான் இருக்குது. அவுரு இன்னிக்கு ராத்திரி நல்லா துன்னுவாரு."

கம்பெனி கேன்டீனில் புதன்கிழமை கோழி. அன்று மட்டும் இரண்டு வரிசை. கோழி வரிசை கை கழுவுகிற இடம் வரைக்கும் நீளும். காய்கறி வரிசையில் வடக்கத்தி இன்ஜினியர்கள் சிலரும் கணக்கு செக்‌ஷன் பெண் ஒருத்தியும் நிற்பார்கள். சாந்தம்மா அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். கூட வேலை செய்கிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"ஆபீசர் லைன்ல நின்னுக்கினு எங்களக் கண்டுக்க மாட்டியா, சாந்தா?"

"கோழி நல்லா இருக்குதா?"

"நீ வந்து பாரு."

"உன் கோழி, நீ துன்னு."

ஆனேக்கல்லிலிருந்து வரும் சூப்பர்வைசர் மட்டும் மரியாதையாகக் கேட்டான். நீங்கள் லிங்காயத்தா என்று. கன்னடக்காரர்களில் கறி தின்னாத சாதி அது. இல்லை என்றாள். அவன் மேலே கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கறி தின்றபோதும் அவள் இதே தரையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சமையல் நிற்கவில்லை. ஞாயிறு தோறும் சாந்தம்மாதான் சமைத்தாள். கறியைத் தொட்டாள், கழுவினாள், கொழுப்பைத் தனியாக எடுத்து வைத்தாள். முன்பெல்லாம் குழம்பு கொதிக்கும்போது கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி உப்புப் பார்ப்பாள். இப்போது அது இல்லை. கை அளவுக்குப் போட்டாள். ஒரு ஞாயிறு கரித்தது, ஒரு ஞாயிறு சப்பென்று இருந்தது.

"வேணும்னே பண்றியா?" என்றான் சென்னப்பன்.

"நீ வந்து உப்பு பாரு."

"நான் எதுக்குப் பாக்கறது? சமைக்கறவதான பாக்கணும்."

"சமைக்கறவ துன்றதில்ல."

"அதான் கேக்கறேன். நாங்க துன்றோம், நீ துன்றதில்ல. அப்ப நாங்க யாரு, நீ யாரு?"

அவன் தட்டைத் தள்ளினான்.

"நெலத்துக்காரன் ஊட்டுல கெடா வெட்டுனா எங்கப்பன் கொடலுக்கு நின்னான். நான் பாய்கிட்ட இந்த எலும்பு வேணாம், அந்த எலும்பு போடுன்னு சொல்லி வாங்கறேன். அத நீ வேணாம்ன்ற."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். இரண்டு ஞாயிறு கழித்துக் குழம்பு கொதிக்கும்போது சென்னப்பன் தானாக அடுப்புப் பக்கம் வந்து கையை நீட்டினான். அவள் ஒரு சொட்டு விட்டாள். "கொஞ்சம் போடு," என்றான். அன்றிலிருந்து அது வழக்கமானது.

ஜோதிமணிக்கு அம்மாவிடம் கோபம். அவள் செல்போன் கம்பெனியில் வேலை செய்தாள். கூட வேலை செய்கிற பெண்களை ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிவந்து பிரியாணி போட்டபோது, அம்மா தனியாகக் கீரைச் சோறு தின்றதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். "உங்கம்மா ஐயரா?" என்று ஒருத்தி கேட்டாள். ஜோதிமணி அதை வீட்டுக்குள் வந்து அப்படியே சொன்னாள்.

"ஆமான்னு சொல்றதுதான?" என்றாள் சாந்தம்மா.

"வெளையாடாதம்மா. அவ எதுக்குக் கேட்டான்னு உனக்குத் தெரியும்."

அடுத்த வருஷம் ஜோதிமணிக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாதேஷ், சிங்காரப்பேட்டைக்காரன், ஓசூரில் வேலை. அப்பா இல்லை. அம்மா சரோஜம்மாள் மகனோடு ஓசூரில் வாடகை வீட்டில் இருந்தாள். பெண் பார்க்க வந்தபோது சரோஜம்மாள் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. முடிவாகாமல் கை நனைக்கக் கூடாது. முடிவான பிறகு பெண் வீட்டில் கறிச்சோறு. அன்றைக்கு இரண்டு சம்பந்திகளும் எதிரெதிராக உட்கார்ந்து ஒன்றாகக் கை நனைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு பேச்சாகும்.

சாந்தம்மா உட்கார்ந்தாள். அவள் இலையில் சோறும் ரசமும் இருந்தன. சரோஜம்மாள் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தவள், எதிர் இலையைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள்.

"நீங்க ஊத்திக்கலயா?"

"நீங்க சாப்பிடுங்க."

"எங்களோட உக்காந்து துன்றதுல ஒண்ணும் கொறை இல்லியே?"

சென்னப்பன் எழுந்துவிட்டான். ஜோதிமணி உள்ளறை வாசலில் நின்றாள். சாந்தம்மா வாயைத் திறப்பதற்குள் செல்லி குழம்புக் கிண்ணத்தோடு நடுவில் வந்தாள்.

"வேண்டுதலுங்க. பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சு கல்யாணம் முடியற வரைக்கும் கவிச்சி தொடறதில்லன்னு வெச்சிருக்கா. நானும் எவ்ளோ சொல்லிட்டேன்."

சரோஜம்மாளின் முகம் மாறியது. "எந்த சாமிக்கு?"

செல்லி ஒரு கணம் யோசித்தாள். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வத்தின் பெயர் அவளுக்குத் தெரியும். சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள். "உங்க வேடியப்பனுக்குத்தாங்க."

"எங்க வேடியப்பனுக்கா?" சரோஜம்மாள் இலையிலிருந்து கண்ணை எடுத்துச் சாந்தம்மாவைப் பார்த்தாள். "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடியே எங்க சாமிக்கு வேண்டிக்கினீங்களா? அப்ப முடிச்சு வெக்கறது எங்க பொறுப்பு. கல்யாணம் ஆனதும் கோயில்ல கெடா வெட்டி, மொதத் துண்ட என் கையால உங்களுக்கு ஊட்டணும். அதான் மொறை."

அவள் பிசைந்த சோற்றை வாயில் போட்டாள். சாந்தம்மா ரசச் சோற்றை வாயில் போட்டாள். இப்படியாகக் கை நனைந்தது.

அவர்கள் போன பிறகு சென்னப்பன் அக்காவைக் கேட்டான். "கறி துன்ற சாமிக்கு எவனாவது கறி துன்னாத வேண்டுவானா?"

"வாய்ல வந்துச்சு, சொன்னேன். உன் பொண்டாட்டி வாய்ல என்னா வந்திருக்கும்னு நெனச்சுப் பாரு."

"நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள் சாந்தம்மா.

"அதான்," என்றாள் செல்லி.

இதில் ஒரு லாபம் இருந்தது. கல்யாணம் வரைக்கும் சாந்தம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிவு நாள் கிடைத்துவிட்டது. தெருவில் அவளைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்கள். கேலி செய்தவர்களே, பெண்ணுக்காக எப்படி இருக்கிறாள் பார் என்றார்கள். சென்னப்பன்கூடக் கொஞ்ச நாளில் அதை நம்புகிறவன் போல நடந்துகொண்டான். அவள் மட்டும் நாள் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஆனி முடிவதற்குள் கோயில் என்று சரோஜம்மாள் சொல்லி அனுப்பினாள். முதல் நாள் ஜோதிமணி போன் செய்தாள்.

"அம்மா, நாளைக்கு ஏதாவது சொல்லிடாத."

"என்னா சொல்லுவேன்?"

"வேணாம்னு. அத்தை அவங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. என் மருமவளோட அம்மா எங்க சாமிக்கு வேண்டிக்கிச்சுன்னு. நீ வேணாம்னா பொய்னு ஆயிடும். அப்புறம் அந்த ஊட்டுல நான்தான் இருக்கணும்."

"தெரியும்."

"ஒரு வாய்தானம்மா."

"வையி போன."

சென்னப்பன் படுத்துக்கொண்டே சொன்னான். "மாத்திர முழுங்கற மாதிரி முழுங்கிடு."

கோயில் சிங்காரப்பேட்டைக்கு வெளியே, புளிய மரங்களுக்கு நடுவில். கூரை கிடையாது. நட்ட கற்களும் மண் குதிரைகளும்தான். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்ததும் வெட்டினார்கள். சாந்தம்மா முகத்தைத் திருப்பவில்லை. இரத்தம் மண்ணில் போவதைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து பார்த்ததுதான். அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த செல்லிக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அழுவாள், இல்லாவிட்டால் மயக்கம் போடுவாள் என்று எதிர்பார்த்துக் கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள்.

மரத்தடியில் சமைத்தார்கள். படைத்தார்கள். இலை போட்டதும் சரோஜம்மாள் சாந்தம்மாவை நடுவில் உட்கார வைத்தாள். அவள் பக்கத்துச் சனம் சுற்றி நின்றது. ஜோதிமணி மாதேஷுக்குப் பக்கத்தில் நின்று தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிறு இன்னும் மஞ்சளாக இருந்தது. சரோஜம்மாள் சட்டியிலிருந்து ஈரல் துண்டு ஒன்றை எடுத்து, சூடு போக ஊதி, நீட்டினாள்.

"வேடியப்பா, ஏத்துக்க. வாயத் தொறங்க சம்மந்தி."

சரோஜம்மாளின் விரல்கள் சாந்தம்மாவின் விரல்களைப் போலவே இருந்தன. நகத்தோரத்தில் வெடிப்பு, அதில் மஞ்சள். சாந்தம்மா வாயைத் திறந்தாள். துண்டு உள்ளே போனது. மென்றாள். விழுங்கினாள். ஈரல் நன்றாக வெந்திருந்தது.

குலவையிட்டார்கள். செல்லி பாட்டிலை நீட்டினாள். சாந்தம்மா வேண்டாம் என்றாள். குமட்டல் எதுவும் வரவில்லை. அவள் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. இலையில் மீதி இருந்ததைச் செல்லி எடுத்துக்கொண்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சென்னப்பன் வழக்கத்தைவிட அதிகமாக வாங்கி வந்தான். ஈரல் தனியாகக் கட்டியிருந்தது. சாந்தம்மா சமைத்தாள். குழம்பு கொதித்ததும் கூப்பிட்டாள்.

"உப்பு பாக்க வா."

சென்னப்பன் வாசலிலேயே நின்றான். "நீயே பாக்கறதுதான?"

"வா."

"அன்னிக்குத் துன்னியே?"

"அன்னிக்குத் துன்னேன்."

அவன் வந்து கையை நீட்டினான். ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் மனைவியை என்னென்னவோ சொல்லியிருந்தான். சுத்தக்காரி என்றான், எங்கள் கை உனக்கு ஆகாது என்றான். அடுத்தவள் கையிலிருந்து ஊர் முன்னால் வாங்கித் தின்றவளிடம் இனி அதைச் சொல்ல முடியாது. "சரியா இருக்குது," என்றான்.

ஆடிக்கு ஜோதிமணியை அழைத்து வந்தார்கள். மாதம் முழுக்க அம்மா வீட்டில் இருந்தாள். ஆவணி பிறந்ததும் திரும்ப அழைத்துப்போகச் சரோஜம்மாளே வந்தாள். அன்று ஞாயிறு. கறி எடுத்திருந்தார்கள். சாந்தம்மா எல்லாருக்கும் போட்டாள். கடைசியாகத் தான் உட்காருவதாகச் சொன்னதைச் சரோஜம்மாள் கேட்கவில்லை. இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சாந்தம்மா தட்டில் சோறு போட்டு முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டாள்.

"உங்க தட்டுல கொழம்பக் காணமே?"

"எனக்கு வேணாங்க."

"வேண்டுதல்தான் முடிஞ்சுடுச்சே. நான்தான ஊட்டுனேன்."

"முடிஞ்சிடுச்சு."

"மறுபடியும் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

செல்லி தண்ணீர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்தாள். "ஆமாங்க, பேரப்புள்ள பொறக்கற வரைக்கும்..."

"அக்கா, சும்மா இரு," என்றாள் சாந்தம்மா. ஜோதிமணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் பை கட்டி வாசலில் வைத்திருந்தது. சாந்தம்மா அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு சரோஜம்மாள் பக்கம் திரும்பினாள்.

"இது வேண்டுதல் இல்லீங்க. அன்னிக்கும் இல்ல. ஜோதிக்கு எடம் பாக்கறதுக்கு முன்னாடியே நான் விட்டுட்டேன். எனக்கு வேணாம், அவ்ளோதான். உங்க ஊட்டுலன்னு இல்ல, எங்க ஊட்டுலயும்தான்."

சரோஜம்மாள் எலும்பைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப கோயில்ல ஏன் வாயத் தொறந்தீங்க?"

"நீங்க ஊட்டுனீங்க."

தெருவில் காய்கறி வண்டிக்காரன் தெலுங்கில் விலை சொல்லிக்கொண்டு போனான்.

"வேடியப்பன் பேரச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கீங்க. என் சனமெல்லாம் நின்னுச்சு."

"பொய் சொன்னது நான்தாங்க," என்றாள் செல்லி. "அவ சொல்லல."

"சாமி கேட்டா?"

"நானே பதில் சொல்லிக்கறேன்."

"ஒரு கெடா போச்சு."

"எங்கங்க போச்சு? கெடாவ சாமியா துன்னுச்சு? நாமதான துன்னோம்," என்றாள் செல்லி.

மாதேஷ் வந்திருந்தால் சிரித்திருப்பான். அவன் டூட்டியில் இருந்தான். சரோஜம்மாள் சிரிக்கவில்லை. எலும்பை மறுபடி எடுத்து உறிஞ்சினாள். கொஞ்சம் சோறு பிசைந்து தின்றாள்.

"கொழம்புல உப்பு கம்மி," என்றாள்.

"நான்தான் பாத்தேன்," என்றான் சென்னப்பன்.

சரோஜம்மாள் அவனைப் பார்த்தாள், சாந்தம்மாவைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போலிருந்தது. சாந்தம்மா உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தாள். சரோஜம்மாள் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டாள். ஜோதிமணி மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஓசூர் பஸ்ஸுக்கு எல்லாரும் ரோட்டுக்குப் போனார்கள். சென்னப்பன் பையை ஏற்றிக் கொடுத்தான். ஜோதிமணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சரோஜம்மாள் படியில் ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அடுத்த வாரம் எங்க ஊட்டுக்கு வாங்க, சம்மந்தி. சனிக்கிழம வாங்க. ஞாயித்துக்கிழம வேணாம்."

"சரிங்க," என்றாள் சாந்தம்மா.

பஸ் போனது. திரும்பி நடக்கும்போது சென்னப்பன் கேட்டான். "ஞாயித்துக்கிழம வேணாம்னா என்னா அர்த்தம்? கோவமா?"

"அவங்க ஊட்டுல சனிக்கிழம கறி இல்ல."

"அதுக்கா சொல்லுச்சு? இல்ல, சனத்து முன்னாடி நீ வந்து நிக்க வேணாம்னு சொல்லுதா?"

"தெரியல."

"போறியா?"

"சனிக்கிழம எனக்கு மொத ஷிப்ட்," என்றாள் சாந்தம்மா. "முடிச்சுட்டு அப்படியே போயிடறேன்."